அடிமண்ணும் காப்பூர் பாரூசும்

அந்த வெள்ளிக்கிழமை காலை கொட்டகையில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். புவான் ரொஹானா, எங்கள் மேலதிகாரி, வேதியியல் படித்தவர். லியோங், பம்ப் பார்ப்பவன். அஞ்சலை அக்கா, மண் உடைப்பவர். ஷாகுல் பாய், லோரி ஓட்டுபவர். அப்புறம் நான். பானையைத் திறப்பதும் மூடுவதும் என் வேலை. வேறு யாரும் இல்லை.

அன்று பேசியது கொஞ்ச நேரம்தான். அதற்கு முன் பல மாதம் எங்கள் யாருக்கும் சரியான தூக்கம் இல்லை.

நான் வேலையை விட்டு வந்தபின் கொட்டகைக்குப் புது மெஷின் வந்திருக்கிறது. வால்வு தானாகத் திறக்கிறது, தானாக மூடுகிறது. அதை ஓட்டுகிற பிள்ளைகள் ஒரு நாள் கூப்பிட்டுக் காட்டினார்கள். அடிமண் விஷயத்தைச் சொல்லச் சொன்னார்கள். எனக்குப் பேச வராது. எழுதித் தருகிறேன் என்றேன்.

நான் பிறந்தது தாப்பா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். ஆறாம் வகுப்போடு சரி. அம்மாவோடு பால்மரம் வெட்டப் போனேன். அப்புறம் தோட்டத்து ஆலையில் பாய்லருக்கு விறகு போட்டேன். பாய்லர் டிரைவர் பரீட்சையில் இரண்டாம் தடவை தேறினேன். தோட்டம் செம்பனைக்கு மாறியதும் ஆலையை மூடினார்கள். ஈப்போவுக்கு வந்து பலகைத் தொழிற்சாலையில் பாய்லர் பார்த்தேன். அதுவும் மூடியது. அழுத்தத்தோடு வேலை செய்து பழகிய ஆள் வேண்டும் என்று இந்தக் கொட்டகையில் கேட்டார்கள். போனேன். ஓய்வு பெறும் வரை அங்கேதான்.

கொட்டகை ஈப்போவுக்கு வெளியே, பழைய ஈய லொம்போங், அதாவது சுரங்கக் குளத்தை ஒட்டி இருந்தது. பின்னால் லாலாங் புல். வேலை மண்ணைக் கழுவுவது. தண்ணீரால் இல்லை. சோடாவில் நுரைக்கிறதே, அந்த வாயுவால்.

கரியமில வாயுவை முப்பத்தொரு டிகிரிக்கு மேல் சூடாக்கி, எழுபத்து நாலு பாருக்கு மேல் (சாதாரணக் காற்றின் அழுத்தம் ஒரு பார்) அழுத்தினால் அது வாயுவாகவும் இருக்காது, திரவமாகவும் இருக்காது. வாயு மாதிரி இண்டு இடுக்கெல்லாம் நுழையும். திரவம் மாதிரி எண்ணெயைக் கரைக்கும். அந்தச் சூடு நம் ஊர் வெயிலிலேயே வந்துவிடும் என்பான் லியோங். அழுத்தத்துக்குத்தான் பம்ப். களிமண் என்றால் முந்நூறு பார் வரை ஏற்றுவோம்.

மண்ணைக் கம்பிக் கூடையில் போட்டுப் பானைக்குள் இறக்குவோம். பானை என்றால் கெட்டி இரும்பு. சுவர் என் உள்ளங்கை அகலம். மூடியைப் போட்டு இறுக்கி வாயுவை விட்டால் அது மண்ணுக்குள் புகுந்து எண்ணெயை எடுத்துக்கொண்டு மறுபக்கம் வரும். அங்கே அழுத்தத்தைக் குறைப்போம். குறைந்ததும் எண்ணெயை விட்டுவிடும். எண்ணெய் ஜாடியில் சொட்டும். வாயு குளிர்ந்து திரும்பவும் பம்புக்குப் போகும். ஜாடியில் சேர்வதை எரித்து அழிக்கிற இடத்துக்கு அனுப்பிவிடுவோம்.

மணல் சுலபம். களிமண் அப்படி இல்லை. ஈரமாகப் போட்டால் வாயு ஓர் இடத்தில் துளைத்துக்கொண்டு அந்த வழியே ஓடிவிடும். மிச்ச மண் அப்படியே கிடக்கும். கட்டியாகப் போட்டால் மேல்தோல் சுத்தமாகும், உள்ளே அழுக்கு இருக்கும். அதனால் நிழலில் காயவைத்து, பாசிப்பயறு அளவுக்கு உடைத்து, மணல் கலந்து, கூடையில் அமுக்காமல் நிரப்ப வேண்டும். வாயுவோடு கொஞ்சம் ஸ்பிரிட்டும் சேர்த்து விடுவோம். இந்த உடைக்கிற வேலைதான் அஞ்சலை அக்காவுக்கு. முகத்தில் வடிகட்டி மாட்டிக்கொண்டு காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் எழுந்திருப்பார்.

புவானைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரோடு எங்களுக்கு மலாயில்தான் பேச்சு; புவான் என்பதே மலாயில் அம்மா என்று மரியாதையாக அழைப்பது. சத்தம் போட மாட்டார். கோபம் வந்தால் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைப்பார். அவ்வளவுதான் தெரியும். பானையைத் திறக்கும் முன் செய்ய வேண்டியதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது அவர் சட்டம். ஒருவர் சொல்வார், ஒருவர் கேட்பார். தடுமாறினால் “உலாங்” என்பார். முதலில் இருந்து மறுபடி.

எங்களுக்கு எரிச்சலாக இருக்கும். லியோங் அவருக்கு ‘புவான் உலாங்’ என்றே பெயர் வைத்திருந்தான்.

ஒரு நாள் மழை வருகிற மாதிரி இருந்தது. லியோங் அவசரப்பட்டு வாயுவை வேகமாக வெளியே விட்டான். மீட்டர் பூஜ்யம் காட்டியது. ஸ்பானரை எடுத்துவிட்டான். புவான் “உலாங்” என்றார். அவன் முணுமுணுத்துக்கொண்டே முதலில் இருந்து சொன்னான். “வெளிக்குழாய் மீட்டர் பூஜ்யம். குழாயைத் தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருக்கிறது. கீழ் மீட்டர்...” அங்கே நிறுத்திவிட்டான். பானைக்குள் இருக்கும் அழுத்தத்தைக் காட்டும் அந்தக் கீழ் மீட்டர் நாற்பதில் நின்றது.

வேகமாக விட்டால் அந்த வாயு பனியாகி உறையும். உறைந்து குழாயை அடைத்துவிடும். வெளியே பூஜ்யம், உள்ளே நாற்பது பார். மூடியைக் கழற்றியிருந்தால் மூடியும் அவனும் கூரையில்தான். புவான் வெந்நீரில் துணியை நனைத்துக் குழாய்மேல் சுற்றச் சொன்னார். பனி கரைந்து மிச்சமும் மெதுவாக வெளியேறியது. லியோங் வெளியே போய் உட்கார்ந்தான். அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பட்டப்பெயரை அவன் வாயில் கேட்கவில்லை.

இனி அடிமண்.

பீடோர் பக்கம் ஒரு பழைய தோட்டம். மரமெல்லாம் போய் வருஷக்கணக்காகிவிட்டது. தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் மட்டும் இருபத்தேழு குடும்பங்கள் இருந்தன. எங்கே போவது என்று தெரியாமல் இருந்தவர்கள். அவர்களுக்கு அங்கேயே வீடு கட்டித் தருவதாக முடிவாகியிருந்தது. அளந்து கல்லும் நட்டுவிட்டார்கள். தோண்டும்போது ஒரு மூலையில் கறுப்பாக மண் வந்தது.

அந்த இடத்தில் முன்பு ஒரு தொட்டி இருந்திருக்கிறது. வேலிக்கட்டை, வீட்டுத் தூண் எல்லாம் கரையான் அரிக்காமல் இருக்க கறுப்பெண்ணெயில் ஊறப்போடுகிற தொட்டி. கிரியோசோட் என்று பெயர். நிலக்கரித் தாரில் இருந்து எடுப்பது. தொட்டி ஒழுகி, களிமண் குடித்து வைத்திருந்தது. சுற்றுச்சூழல் அதிகாரிகள் வேலையை நிறுத்தினார்கள். மண் சுத்தமானால் வீடு. ஆகாவிட்டால் அந்த நிலத்தில் யாரும் குடியிருக்கக்கூடாது. லயத்து ஆட்களை வேறு ஊர் அடுக்குமாடிக்குப் பிரித்து அனுப்புவார்கள்.

அஞ்சலை அக்கா அந்த லயத்துக்காரர். மண் லோரி ஏறுகிற இடத்தில் நின்று, எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று ஷாகுல் பாயைக் கேட்டிருக்கிறார். அப்படி விசாரித்துக்கொண்டே வந்து எங்களிடம் வேலைக்குச் சேர்ந்தார். ஈப்போவில் தங்கச்சி வீட்டில் தங்கிக்கொண்டார். மற்ற மண்ணை உடைக்கிற மாதிரி இதை உடைக்கவில்லை. ஒவ்வொரு கட்டியையும் விரலால் நசுக்கிப் பார்ப்பார்.

ஷாகுல் பாய் சும்மா இருக்க மாட்டார். “என்னாக்கா, மண்ணக் குளிப்பாட்டிட்டீங்க. பவுடர் பூசி பொட்டு வச்சிருங்க, பொண்ணு பாக்க வாரோம்” என்பார்.

“நீங்க மொதல்ல ஒங்க லோரியக் குளிப்பாட்டுங்க பாய். வாசம் பீடோருக்கே அடிக்குது” என்பார் அக்கா.

கழுவிய மண்ணை மூட்டையில் கட்டிக் கொட்டகைக்குப் பின்னால் அடுக்குவோம். சுற்றுச்சூழல் அதிகாரி வந்து தானே மூட்டையில் இருந்து எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார். தேறினால்தான் மண் திரும்பப் போகலாம். மேல் மண் எல்லாம் தேறியது. ஷாகுல் பாய் ஏற்றிக்கொண்டு போனார். தொட்டிக்கு நேர் கீழே இருந்த அடிமண் மட்டும் பாக்கி. அதுதான் நிறையக் குடித்திருந்தது.

அதை மெதுவாகவே செய்தோம். ஜாடியில் சொட்டியது தார் மாதிரி இருந்தது. கடைசியில் சொட்டுவது நின்றது. மூட்டை கட்டி அடுக்கினோம். அதிகாரி வந்து எடுத்துப் போனார்.

தேறவில்லை.

புவான் முடிவுக் காகிதத்தை வரிவரியாகப் படித்தார். பிறகு எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார். கறுப்பெண்ணெயில் பல சரக்கு உண்டு. கனமானவை மண்ணை விட்டுக் கிளம்பவே கிளம்பாது. லேசானவை முதலிலேயே வந்துவிடும். இங்கே கனமானது எல்லாம் போயிருக்கிறது. எல்லாவற்றிலும் லேசான ஒன்று மட்டும் நிறைய இருக்கிறது. நாப்தலின் என்று ஏதோ பெயர் சொன்னார். எங்களுக்கு வாயில் நுழையவில்லை.

“சட்டியைக் கழுவி, அடிப்பிடித்ததை எல்லாம் எடுத்தாச்சு. மேலே ஒட்டின சோறு மட்டும் அப்படியே இருக்கு. அது எப்படி?” என்றார்.

பிறகு அவரே, இது வெளியிலிருந்து வந்திருக்க வேண்டும் என்றார். எங்கள் முகத்தைப் பார்த்து மலாயில் கேட்டார். “இங்கே யாராவது காப்பூர் பாரூஸ் வைக்கிறீங்களா?”

காப்பூர் பாரூஸ் என்றால் எங்களுக்குச் சூடம். பூசைச் சாமான் கடையில் டப்பாவின் மேல் அப்படித்தான் போட்டிருக்கும். அஞ்சலை அக்கா தயங்காமல், “ஆமா புவான், வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை. சாமிக்கு” என்றார்.

உண்மைதான். வெள்ளிக்கிழமை காலை பானைக்குத் திருநீறு பூசி, ஒரு வில்லை சூடம் ஏற்றிக் காட்டிவிட்டுத்தான் அக்கா வேலையைத் தொடங்குவார். புவான் வந்தால் அது முடிகிற வரை வெளியே நிற்பார். ஒன்றும் சொன்னதில்லை.

அன்று பேனாவை மூடிப் பையில் வைத்தார். யோசித்தார். இந்த மண் முடிகிற வரைக்கும் அது வேண்டாம், பிறகு தாராளமாகச் செய்யுங்கள் என்றார். சொல்வதற்கு அவருக்கே கஷ்டமாக இருந்தது. அக்கா தலையாட்டினார். புவான் போனபின் என்னிடம் கேட்டார்.

“சாமி கும்புட்டா மண்ணு கெட்டுப் போயிருமா தம்பி?”

தெரியவில்லை என்றேன்.

அடிமண்ணை மூட்டை பிரித்து முழுதாகத் திரும்பக் கழுவினோம். சூடம் இல்லை, ஊதுவத்தி இல்லை. அக்கா பானைப் பக்கம் திரும்பாமலே வேலை செய்தார். மூட்டை கட்டினோம். அதிகாரி வந்தார், எடுத்தார்.

அதுவும் தேறவில்லை. அதே சரக்கு. முன்னைவிடக் கொஞ்சம் கூடவே இருந்தது.

இந்தத் தடவை காகிதத்தோடு ஒரு வார்த்தையும் வந்தது. இன்னும் ஒரு முறைதான் பார்ப்பார்களாம். அதிலும் இப்படி என்றால் நிலத்தை மூடி வேலி போட்டுவிடுவார்களாம். லயத்திலும் இதைச் சொல்லிவிட்டார்கள். ஷாகுல் பாய் அங்கே போய் வந்தவர், ஒரு வீட்டில் பாத்திரம் பண்டம் கட்டத் தொடங்கிவிட்டார்கள் என்றார். அன்று அவர் கிண்டல் பேசவில்லை. அக்கா கேட்டுக்கொண்டே மண் உடைத்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமைதான் நான் முதலில் சொன்ன நாள்.

புவான் வழக்கத்தைவிட முன்னாடியே வந்தார். கையில் மளிகைக் கடைப் பொட்டலம். எங்கள் நாலு பேரையும் மேசையைச் சுற்றி நிற்கவைத்தார். பிரித்துக் கொட்டினார். வெள்ளை உருண்டைகள். துணிப்பெட்டியில் பூச்சிக்குப் போடுகிறோமே, அது. மலாயில் அதற்கும் காப்பூர் பாரூஸ் என்றுதான் பெயராம்.

“நீங்க சாமிக்கு ஏத்துறது எப்படிப்பட்டதுன்னு நான் பார்த்ததே இல்ல. இதுதானே?” என்று மலாயில் கேட்டார்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனையோ நாளுக்குப் பிறகு சிரித்தார். “அய்யோ புவான், இதக் கொளுத்துனா சாமி எந்திரிச்சு ஓடிரும்லா. அது சூடம். இது பாச்சை உருண்டை. இது சாமிக்கு இல்ல, பாம்புக்கு” என்று பாதி தமிழிலும் பாதி மலாயிலும் சொன்னார்.

சொன்ன பிறகுதான் சிரிப்பு நின்றது.

லியோங் என்னைப் பார்த்தான். புவான் மிக மெதுவாகக் கேட்டார். “எந்தப் பாம்புக்கு?”

அக்கா எங்களைப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். அடிமண் மூட்டைகள் அடுக்கின சமயத்தில் லாலாங்கில் இருந்து ஒரு நாகம் வந்து மூட்டை மேல் படுத்திருந்ததாம். மூட்டை தூக்குகிறவர்கள் கையை வைத்துவிடுவார்களே என்று பயந்து, லயத்தில் எல்லா வீட்டிலும் செய்கிற மாதிரி, பாச்சை உருண்டை வாங்கி மூட்டை இடுக்கெல்லாம் செருகியிருக்கிறார். மூட்டை வாய்க்குள்ளும் ஒவ்வொன்று. மூட்டை வாயை அவிழ்ப்பதும் கட்டுவதும் அவர்தான்; இரண்டாம் தடவை கட்டினபோது பழையது கரைந்துவிட்டது என்று புதிதாகவும் போட்டிருக்கிறார். சொந்தக் காசு. வாசம் எங்களுக்குத் தெரியவில்லை. கறுப்பெண்ணெய்க்கும் ஏறக்குறைய அதே வாசம். அதிலேயே நாள் முழுக்க இருக்கிற மூக்கு.

புவான் ஒரு மூட்டையைப் பிரித்தார். உள்ளே மொச்சைக்கொட்டை அளவுக்குத் தேய்ந்த ஓர் உருண்டை. எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

“நாப்தலின்” என்றார்.

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “எங்க லயத்தையே நான் கெடுத்துப்புட்டேன் தம்பி. நம்ம மண்ணுன்னு நெனச்சுத்தான் வச்சேன்” என்றார். அழவில்லை. கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஷாகுல் பாய்தான் பக்கத்தில் போய்க் குந்தினார். “இல்லக்கா. நாந்தான் அந்த மூட்டையெல்லாம் ஏத்த வேண்டியவன். ஒங்க உருண்டை இல்லாட்டி எம் பொண்டாட்டி இப்ப என் படத்துக்கு முன்னாடி உக்காந்திருப்பா” என்றார்.

நான் இதை மலாயில் புவானுக்குச் சொன்னேன். புவான் முகத்தில் கோபம் இல்லை. பார்த்தது எனக்கு நினைவிருக்கிறது. பாரம் இறக்கி வைத்தவர் முகம். களிமண் விடவில்லை என்றால் எங்களால் ஒன்றும் செய்திருக்க முடியாது. பாச்சை உருண்டை என்றால் செய்யலாம்.

பேனாவை வெளியே எடுத்தார். “உலாங்” என்றார்.

மூன்றாம் முறை கழுவினோம். அதற்கு முன் போம்பாவைக் கூப்பிட்டோம். தீயணைப்பு ஆட்கள் நீளக் கம்பியோடு வந்து லாலாங்கைக் கிளறிப் பாம்பைப் பிடித்துச் சாக்கில் போட்டுக்கொண்டு போனார்கள். புல்லை வெட்டினோம். பழைய சாக்கு எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுப் புது வாளிகள் வாங்கினோம், இறுக்கமான மூடி போட்டவை. பின்பக்கம் வைக்கவில்லை. அலுவலக அறையில் இருந்த மேசையை வெளியே தூக்கிப்போட்டு அங்கே அடுக்கினோம். புவான் வாசலில் நாற்காலி போட்டு வேலை பார்த்தார். உருண்டை தொட்ட கை என்று அக்கா மண்ணைத் தொடவே பயந்தார். புவான் கையுறை கொடுத்து உட்கார வைத்தார்.

பானையைத் திறக்கிற ஒவ்வொரு முறையும் நான் வாய்விட்டுச் சொன்னேன். லியோங் கேட்டான். தடுமாறாத போதும் இரண்டு தடவை சொன்னோம்.

அதிகாரியிடம் புவான் நடந்ததை மறைக்கவில்லை. கழுவிய பிறகு வைத்திருந்த இடத்தில் பாம்புக்காகப் போட்ட பூச்சி உருண்டை மண்ணில் ஏறிவிட்டது, வைக்கும் முறையை மாற்றிவிட்டோம் என்று எழுதினார். எழுதியதை எங்களுக்குப் படித்துக் காட்டினார். யார் போட்டது என்று அதில் இல்லை. வைக்கும் இடத்துக்குத் தானே பொறுப்பு என்று மட்டும் எழுதியிருந்தார். அக்காவுக்கு அதைத் தமிழில் சொன்னேன். “என்னைய வேலைய விட்டுப் போவச் சொல்லலியா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “சரியாக் கேட்டியா தம்பி?” என்றார். திரும்பவும் சொன்னேன்.

முடிவு வந்த அன்று புவான் ஈப்போவில் கூட்டத்தில் இருந்தார். எனக்குத்தான் போன் செய்தார். பேச்சை வளர்க்கவில்லை. “லுலூஸ்” என்றார். தேறிவிட்டது. அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. சளியாக இருக்கலாம்.

நான் போய்ச் சொன்னேன். லியோங் பம்பை நிறுத்தினான். கொட்டகை அமைதியானது. அக்கா கையுறையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, வெளியே குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினார். நெடுநேரம் கழுவினார். லியோங் என் தோளில் தட்டி, “அண்ணே, வீட்டுக்குப் போய்த் தூங்கலாம்லா” என்றான். அன்று இரவு நான் விடியும் வரை அசையாமல் தூங்கியதாக வீட்டில் சொன்னார்கள்.

அடிமண்ணைக் கடைசி லோரியில் ஷாகுல் பாய் ஏற்றினார். அக்கா முன் சீட்டில் உட்கார்ந்து போனார். குழியை மூடுவதை நின்று பார்த்துவிட்டு வந்தாராம்.

வீடு கட்டி முடிய நாளானது. அதற்குள் நான் ஓய்வு பெற்றுவிட்டேன். சாவி கொடுக்கிற நாளன்று அக்கா கூப்பிட்டார். போனேன். புவானும் வந்திருந்தார். கூடாரம் போட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். பேசியவர்கள் எல்லாம் நீளமாகப் பேசினார்கள். மண்ணைப் பற்றி யாரும் பேசவில்லை. அதுவும் நல்லதுதான். குடியிருக்கப் போகிறவர்களுக்கு அது எதற்கு.

பெயர் வாசித்தார்கள். குடும்பம் குடும்பமாக மேடைக்குப் போய் வாங்கிக்கொண்டு மறுபக்கம் இறங்கினார்கள். அக்கா முறை வந்தபோது பெயரை இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது. புவான் எழுந்து அவர் முதுகில் கை வைத்து அனுப்பினார். யாராவது விட்டுப்போய்விட்டார்களா, வேறு ஊருக்குப் போய்விட்டார்களா என்று எனக்கு ஒரு நினைப்பு. பக்கத்தில் இருந்த லயத்துக்காரரைக் கேட்டேன். ஒருவரும் விட்டுப்போகவில்லை என்றார். இருந்தாலும் கடைசிக் குடும்பம் இறங்குகிற வரை நானே எண்ணினேன்.

இருபத்தேழு.